ஆறு சென்டிமீட்டருக்காகக் காலை உடைப்பதா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 48 வயது, உயரம் 166 செ.மீ. மனைவி 152. மகனுக்குப் பதினேழே கால் வயது, பிளஸ் டூ படிக்கிறான், உயரம் 164. மீசை எட்டாம் வகுப்பிலேயே அரும்பிவிட்டது. கடந்த ஒரு வருஷத்தில் அரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆசை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் அவர்கள் பிரிவுக்கு 170 வேண்டும். ஆறு சென்டிமீட்டர் குறைகிறது.

வீட்டிலிருக்கும் தாத்தா, "நம்ம வம்சத்துல எல்லாரும் ஆறடிக்கு மேல. அந்தக் காலத்துல ஏழடி ஆளுங்கல்லாம் இருந்தாங்க. ரேஷன் அரிசியும் பிராய்லர் கோழியும் தின்னு குறுகிப்போச்சு" என்கிறாராம். அதற்குச் சாட்சியாகக் குழிக்குள் கிடக்கும் ராட்சத எலும்புக்கூட்டின் படம் ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. போன உயரத்தை மீட்டுவிடலாம் என்று மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு ஆறு மாதம் பொடி வாங்கிக் கொடுத்தார்கள். பலன் இல்லை. ஜிம்மில் ஒருவர் ஹார்மோன் ஊசி போடலாம் என்கிறார். இப்போது கால் எலும்பை நீட்டும் அறுவை சிகிச்சைக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி: மூத்த மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி, வீட்டுக்கு வந்திருக்கிறாள், ரத்தம் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள், பிறக்கப்போகும் பிள்ளையாவது உயரமாக வளர மருந்து ஏதும் உண்டா?

ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி இரண்டு வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் பெரியவர் சொல்வதைப் பார்த்துவிடலாம். பொடி, ஊசி, அறுவை சிகிச்சை என்று நீங்கள் போவதெல்லாம் ‘எங்களுக்கு இருந்த உயரம் பறிபோய்விட்டது’ என்ற நம்பிக்கையில்தான்.

முன்னோர்கள் உயரமா?

அந்தப் படத்தை முதலில் முடித்துவிடுவோம். 2000இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் யானை இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய விலங்கின் எலும்புகளைத் தோண்டினார்கள். அந்தத் தோண்டல் படத்தில் மனித எலும்புக்கூட்டை ஒட்டி, 2002இல் கனடாக்காரர் ஒருவர் இணையப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. போட்டியே படத்தை மாற்றுவதற்கான போட்டிதான். அது நம் ஊருக்கு வந்து கடோத்கசன் எலும்புக்கூடாகிவிட்டது. 2007இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் செய்தித் தளம் இது போலி என்று விளக்கியது, படம் நின்றபாடில்லை. நம் மலைப்பக்கங்களில் பழைய கற்திட்டைகளைக் காட்டி ‘குள்ளர் வீடு’ என்று சொல்வதையும் பெரியவர் கேட்டிருப்பார். ஊர்க்கதையை வைத்து அளந்தால் முன்னோர்கள் ராட்சதர்களும் ஆவார்கள், குள்ளர்களும் ஆவார்கள்.

ஏழு எட்டு அடி மனிதர்கள் இருந்ததே இல்லையா என்றால், இருந்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் நோய். இதுவரை அளக்கப்பட்டவர்களில் மிக உயரமான ராபர்ட் வாட்லோ 272 செ.மீ. இருந்தார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அளவில்லாமல் வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்ததால் வந்த உயரம் அது. கால்களுக்குத் தாங்குகட்டை இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. அந்தத் தாங்குகட்டை உரசி வந்த கொப்புளத்தில் சீழ்பிடித்து, 1940இல் 22 வயதில் இறந்தார்.

பெரியவர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மனித உயரம் சீராக ஏறிக்கொண்டே வந்ததில்லை. கிரீஸ், துருக்கிப் பகுதியில் கிடைத்த எலும்புகளை அளந்தபோது, வேட்டையாடித் திரிந்த காலத்து ஆண்கள் சுமார் 177 செ.மீ. இருந்ததும், விவசாயம் வந்து சில ஆயிரம் ஆண்டுகளில் அது 161 அளவுக்கு இறங்கியதும் தெரிந்தது. ஒரே தானியத்தை நம்பி, ஆடுமாடுகளோடு நெருக்கியடித்து ஓரிடத்தில் வாழ்ந்ததில் சத்தும் குறைந்தது, தொற்றும் கூடியது. வட ஐரோப்பாவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்பது முதல் பதினோராம் நூற்றாண்டு வரை ஆண்களின் சராசரி 173 செ.மீ. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் 167. குளிர் கூடிய காலம், போர்கள், நெரிசலான நகரங்கள், கப்பல்களோடு பரவிய நோய்கள் என்று அதற்குக் காரணங்கள் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் செல்வம் பெருகிக்கொண்டிருந்தபோதே சராசரி உயரம் குறைந்திருக்கிறது. அதே நூற்றாண்டில், காட்டெருமைக் கூட்டங்களின் பின்னால் குதிரையில் அலைந்த செயேன் என்ற அமெரிக்கப் பழங்குடி ஆண்கள் சராசரியாக 176 செ.மீ.க்கு மேல். அன்றைய உலகத்திலேயே மிக உயரமானவர்களில் அவர்களும் அடக்கம். பணம் இருந்தால் உயரம் வந்துவிடும் என்றில்லை. பிள்ளை வளரும் வயதில் வயிற்றுக்குள் என்ன போகிறது, அதில் எவ்வளவை நோய் பிடுங்கிக்கொள்கிறது என்பதுதான் கணக்கு.

ஆனால் உங்கள் வம்சக் கதை பத்தாயிரம் வருஷத்துக் கதை இல்லை, நாலைந்து தலைமுறைக் கதை. அந்தக் காலத்தில் நம் பக்கம் நடந்தது நேர்மாறானது. பெரியவரின் தாத்தாவுக்குத் தாத்தா வாழ்ந்தது ஏறக்குறைய 1876–78 தாது வருஷப் பஞ்ச காலம். அந்த நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் கூலி வேலைக்குப் போனவர்களை அளந்து பதிவேட்டில் எழுதினார்கள். அந்த ஆண்களின் சராசரி உயரம் ஐந்தரை அடியைத் தொடவில்லை. உலக நாடுகள் முழுவதையும் ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வின்படி, 1896இல் பிறந்த இந்திய ஆண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சுமார் 3 செ.மீ. அதிகம். பெண்கள் சுமார் 5 செ.மீ. அதிகம். இன்றைய இந்திய ஆணின் சராசரி ஏறக்குறைய 165, பெண்ணின் சராசரி 153.

அப்படியென்றால் உங்கள் மகன் 164 என்பது நாட்டின் சராசரியை ஒட்டிய உயரம். உங்கள் முன்னோரில் ஒருவர் 172 செ.மீ. இருந்திருக்கலாம். சுற்றி நின்றவர்கள் 160, 162 என்றிருந்த ஊரில் அவர் மலை மாதிரி தெரிந்திருப்பார். கதையில் அவருக்கு இன்னும் ஓர் அடி வளர்ந்துவிடும். கம்பும் கேழ்வரகும் நல்ல உணவுதான், மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் பலருக்கு அதுவே மூன்று வேளைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

மரபணுவா, சாப்பாடா?

‘உயரம் எல்லாம் பரம்பரை’ என்று ஒரு பக்கம் கேள்விப்படுகிறீர்கள், ‘நூறு வருஷத்தில் கொரியாக்காரர்கள் வளர்ந்துவிட்டார்கள்’ என்று இன்னொரு பக்கம். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி, ஆனால் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஒரே காலத்தில், ஓரளவு ஒரே மாதிரிச் சூழலில் வளர்ந்த ஆயிரம் பேரை நிற்க வைத்து, ஏன் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்று கேட்டால், ஏறக்குறைய 80 சதவீத வேறுபாட்டுக்குப் பரம்பரைதான் காரணம். 54 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறிய அளவுதான் கூட்டிக் குறைக்கும்.

ஆனால் ஒரு சமூகம் மொத்தமும் ஏன் மேலே போனது என்று கேட்டால் மரபணுவில் பதில் இல்லை. அது நூறு வருஷத்தில் மாறாது. தென்கொரியாவில் 1996இல் பிறந்த பெண்கள் 1896இல் பிறந்த பெண்களைவிடச் சராசரியாக 20 செ.மீ. உயரம். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே மக்கள்தான். வடகொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களை அளந்தால் தெற்கில் வளர்ந்தவர்களைவிடக் குட்டை. நெதர்லாந்து ஆண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 165 செ.மீ. அளவில்தான் இருந்தார்கள். இன்று உலகத்தில் முதலிடம், 183ஐ ஒட்டி. இன்னொன்றும் நடந்திருக்கிறது: அங்கே 2001இல் பிறந்த ஆண்கள் 1980இல் பிறந்தவர்களைவிட ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறை 2021இல் சொன்னது. ஏற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு போல.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். பெற்றோர் உயரத்தை வைத்து ஒரு கணக்கு போடுவோம். பையனாக இருந்தால் அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். 166, 152, 13. மொத்தம் 331, பாதி 165.5. அதற்கு மேலும் கீழும் எட்டு, ஒன்பது செ.மீ. வரை இயல்பு. உங்கள் மகன் 164. நடுப்புள்ளிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் கீழே. அவனுக்கு எந்த நோயும் இல்லை, எதையும் அவன் இழக்கவும் இல்லை. உங்கள் இருவருக்கும் பிறந்த பிள்ளை எந்த உயரத்தில் இருக்க வேண்டுமோ அந்த உயரத்தில் இருக்கிறான்.

மீசை சீக்கிரம் அரும்பியது, கடந்த வருஷம் அரை சென்டிமீட்டர்தான் வளர்ந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவனது வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்பது அதில் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். தட்டு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தால் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் வரலாம். ஆறு வராது.

நீங்கள் யோசித்த வழிகள்

பொடி: வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எந்தப் பொடியும் எலும்பை நீட்டாது. மூடாத பிள்ளைக்கும் சாதாரணச் சாப்பாட்டில் கிடைக்காத எதுவும் அதில் இருப்பதாகச் சான்று இல்லை. மருந்தால் உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின்படியே குற்றம். தடை செய்யப்பட்ட பட்டியலில் ‘உடல் உயரம்’ என்று தனியாகவே இருக்கிறது. அதனால்தான் பலர் ‘மருந்து’ என்று போடாமல் ‘சத்துணவு’ என்று போட்டு விற்கிறார்கள். அப்படி விற்றாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்குத் தண்டனை உண்டு. ரசீது, டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றும் கையில் இருந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். இருபத்துநாலாயிரம் ரூபாய் சும்மா விடக்கூடிய தொகை இல்லை.

ஊசி: வளர்ச்சி ஹார்மோன் உண்மையான மருந்துதான். ஹார்மோன் குறைபாடு உள்ள சிறு குழந்தைகளுக்கு, வருஷக்கணக்கில் தினமும் ஊசி போட்டால் நல்ல பலன் தரும். குறைபாடு இல்லாத, தட்டு மூடிய பதினேழு வயசுப் பையனுக்குப் போட்டால் உயரம் கூடாது. கை, பாதம், தாடை தடிக்கலாம், சர்க்கரை ஏறலாம். அதைவிட எனக்குப் பயம், ஜிம்களில் ‘ஹார்மோன்’ என்ற பெயரில் கைமாறுவது பெரும்பாலும் ஆண்மை ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு. உடம்பு அதில் ஒரு பகுதியைப் பெண்மை ஹார்மோனாக மாற்றும். ஆணோ பெண்ணோ, வளர்ச்சித் தட்டை மூட வைப்பதே அதுதான். வளர வேண்டும் என்று போட்டுக்கொள்ளும் ஊசி, மிச்சமிருக்கும் வளர்ச்சியையும் நிறுத்திவிடும்.

அறுவை சிகிச்சை: இது மோசடி இல்லை, செய்யக்கூடியதுதான். ஒரு கால் குட்டையாகப் பிறந்தவர்களுக்கு, விபத்தில் எலும்பு போனவர்களுக்கு இது வரப்பிரசாதம். எலும்பை அறுத்து, இரண்டு துண்டையும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்குவார்கள். இடைவெளியில் புது எலும்பு ஊறும். ஆறு சென்டிமீட்டருக்கு அறுபது நாள் இழுவை, அது கெட்டிப்பட மேலும் பல மாதம். நரம்பும் தசைநாரும் எலும்பு அளவுக்கு இடம் கொடுக்காது. தொற்று, நரம்புப் பாதிப்பு, கணுக்கால் மடங்கிப்போவது, எலும்பு கூடாமலே போவது எல்லாம் நடக்கிறது. எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். காவலர் தேர்வில் உயரம் அளந்த பிறகு 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் காலில் தழும்பையோ உள்ளே கம்பியையோ பார்த்தால் கேள்வி வரும். ஓட்டத்தைப் பணயம் வைத்து உயரத்தை வாங்கினால் அவனுக்கு எதுவும் மிஞ்சாது. அவன் இன்னும் மைனர், கையெழுத்து போடப்போவது நீங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடமாட்டேன். கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள்.

சரி, அவன் ஆசைக்கு என்ன வழி? இந்திய ஆணின் சராசரி 165 என்கிறபோது 170 என்று கோடு போட்டால் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அந்தக் கோடு நியாயமா என்று எனக்கே கேள்வி உண்டு. ஆனால் இன்றைக்கு விதி அது. சீருடை வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கோடு இல்லை என்பதைப் பையனிடம் சொல்லுங்கள். வனக்காவலர் பணிக்கு ஆண்களுக்கு 163 போதும். உங்கள் மகன் இப்போதே தாண்டிவிட்டான். ஐ.பி.எஸ்.ஸுக்கு 165தான். ஆமாம், கான்ஸ்டபிளைவிட எஸ்.பி. குட்டையாக இருக்கலாம். அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று கவனியுங்கள்: முதுகெலும்பின் இடைவட்டுகள் பகல் முழுக்க அமுங்குவதால் காலையில் இருப்பதைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறையும். வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததை நம்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உயரம் அளக்கும் பலகையில் காலை நேரத்தில் ஒருமுறை அளந்து வையுங்கள்.

மகளுக்கு

இப்போது அந்த இரண்டு வரி. உங்கள் வீட்டில் இன்னும் உயரத்தை மாற்றக்கூடிய ஒரே ஆள் மகளின் வயிற்றில் இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. ஆனால் காலம் இருக்கிறது. கருத்தரித்ததிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை, ஏறக்குறைய ஆயிரம் நாள். நான் மேலே சொன்ன கொரியாவும் நெதர்லாந்தும் பெருமளவு ஜெயித்தது இந்த வயதில்தான். அப்போது விட்டதைப் பிற்பாடு பிடிப்பது கடினம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். நாம் பரவாயில்லை, ஆனாலும் நாலில் ஒரு குழந்தை.

ரத்தம் குறைவு என்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாளா, இல்லை வாந்தி வருகிறது என்று அலமாரியில் வைத்திருக்கிறாளா என்று அவள் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். காபி, டீ, பாலோடு அதைப் போட்டால் உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைக்க வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்று செவிலியரிடம் கேளுங்கள். ‘நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெரிசாகிச் சுகப்பிரசவம் ஆகாது’ என்று உங்கள் பக்கம் சொல்வார்கள். அதை வீட்டுக்குள் விடாதீர்கள். தினமும் முட்டை, பருப்பு, கீரை, முடிந்த அன்றைக்கு மீன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியது அவளுக்கு என்ற பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவளுக்குத் தகுதி இருக்கிறதா என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் விசாரியுங்கள். அவர்கள் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தை அவளே சாப்பிட வேண்டும், வீட்டுக்கே பொதுவாக்கிவிடக்கூடாது.

பிறந்த பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சித் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கெட்டியாகப் பிசைந்த சோறு, பருப்பு, நெய், முட்டை. அங்கன்வாடியில் எடையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் உயரத்தையும் அளந்து அட்டையில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் கழிப்பறை இருந்தும் ஆண்கள் வெளியில் போகிற பழக்கம் இருந்தால் அதுவும் குழந்தையின் உயரத்தைத் தொடும். மலக்கிருமி திரும்பத் திரும்ப வயிற்றுக்குள் போனால் குடலின் உட்சுவர் புண்ணாகி, சாப்பிட்டது சேராது. வயிற்றுப்போக்கு வெளியே தெரியாவிட்டாலும் இது நடக்கும்.

பேத்தியாகப் பிறந்தாலும் இதெல்லாம் அப்படியே. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏழ்மையான ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்று சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். தலைச்சன் பிள்ளை ஆணாக இருந்தால் அந்தக் குறையே இல்லை. அடுத்தடுத்த பிள்ளைகளுக்குத்தான் அது வந்து கூடுகிறது, பெண் பிள்ளைகளைக் கூடுதலாகப் பாதிக்கிறது. வீட்டில் யாருக்கு முட்டை வைக்கிறோம் என்பது அளவுகோலில் தெரிந்துவிடுகிறது.

ஒரு தலைமுறையில் பத்து சென்டிமீட்டர் எதிர்பார்க்காதீர்கள். அம்மாவின் உடம்பு சிறியதாக இருந்தால் பிள்ளையும் சிறியதாகவே பிறக்கும். அது சரியாக இரண்டு, மூன்று தலைமுறை ஆகும். நெதர்லாந்துக்கே நூற்றைம்பது வருஷம் ஆனது.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஜிம்மில் ‘ஊசி போடலாம் என்கிறார்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே போட்டிருக்கிறானா? இந்த வாரமே பையனைத் தனியாக உட்காரவைத்துத் திட்டாமல் கேளுங்கள். முகப்பரு திடீரென்று கூடியிருந்தாலோ, மார்பு வீங்கியிருந்தாலோ, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாலோ சந்தேகப்படலாம். போட்டிருந்தால் அடுத்த ஊசிக்கு அனுப்பாதீர்கள். ஊசி மருந்தின் குப்பியையோ அட்டையையோ வாங்கி, எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். எதைப் போட்டார்கள் என்று தெரிந்தால்தான் எந்த ரத்தப் பரிசோதனை செய்வது என்று அவரால் சொல்ல முடியும்.